மழையில் நனைந்தது எரியும், நனையாதது புகையும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கரையோர ஊர்களில் விறகடுப்பில் சமைத்துப் பழகியவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். போன கோடையில் பிளந்து காயவைத்த வேப்பங்கொள்ளி திடீர் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டது என்று வையுங்கள். மழை விட்டதும் எடுத்து வெயிலில் சாய்த்து வைத்தால், மறுநாள் பகல் சோற்றுக்கு அது எரிந்துவிடும். அதே வேம்பில், பிளக்காமல் முழு உருளையாக அறுத்து, ஒரு துளி மழையும் படாமல் தகரக் கூரைக்குள் மூன்று மாதம் கிடந்த கட்டையை அடுப்பில் வைத்துப் பாருங்கள். சீறும், நுரைக்கும், கண்ணைக் கரிக்கும். ஊதி ஊதி நெஞ்சு நோகும், சோறு வேகாது.

விறகு ஏற்றிவரும் உழவு இயந்திரப் பெட்டியின் பக்கத்தில் நடக்கும் பேரமும் இதைப் பற்றியதுதான். "வெட்டி மூணு மாசம் ராத்தா, ஒரு சொட்டு மழ படல்ல" என்பார் விற்பவர். "மழ படாட்டி என்ன காக்கா, உள்ளுக்க ஈரம் கிடக்கே" என்பார் வாங்குபவர், கட்டை இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துவிட்டு. காய்ந்த விறகு 'டங்' என்று கணீரிடும், பச்சை 'தொப்' என்று அடங்கும்.

வெளியே பட்டதும் நீர்தான், உள்ளே கிடப்பதும் நீர்தான். ஒன்று அரைநாள் வெயிலில் போகிறது, மற்றது மூன்று மாதமாகியும் போகவில்லை. மாரிக்கு முன் விறகைத் துண்டாக்கி, பிளந்து, அடுக்கி வைக்கும் வேலையின் விஞ்ஞானம் முழுவதும் இந்தப் புதிருக்குள் இருக்கிறது.

முதலில் மரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். உள்ளே பொள்ளலான பப்பாசி இலைக்காம்புகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, எல்லாம் ஒரே திசையில் நிற்க இறுக்கிக் கட்டினால் என்ன கிடைக்குமோ அதுதான் மரம். காம்புகள்தாம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒடுங்கியவை. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற வேண்டும் என்பதற்காக மரம் தன்னை அப்படிக் கட்டிக்கொண்டது. மேலும் கீழுமாக வழி திறந்திருக்கிறது. குறுக்காகப் போக நினைக்கும் நீருக்கோ ஒவ்வொரு குழலின் சுவரும் ஒரு தடை. அதற்கு மேல் பட்டை வேறு. உயிருள்ள மரம் வெயிலில் உலர்ந்து போகாதபடி காப்பதே பட்டையின் தொழில், மரத்தை வெட்டிய பிறகும் அது அந்தத் தொழிலை விடுவதில்லை.

இது எப்படித் தெரியும் என்று கேட்டால், ஆய்வுகூடம் வரை போகத் தேவையில்லை. பச்சைக் கட்டை ஒன்றின் நடுப்பகுதி அடுப்பில் இருக்க, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது கவனியுங்கள். நுரை எங்கே தள்ளுகிறது? பக்கவாட்டில் வருவதில்லை. வெட்டுமுகத்தில்தான் சிறுசிறு குமிழாகப் பொங்கி, மஞ்சள் நீராக வடிகிறது. உள்ளே கொதித்த நீராவி குறுக்கே வரமுடியாமல் குழல் வழியே நெடுக்காக ஓடி நுனியில் வெளிப்படுகிறது. மரத்தில் நெடுக்காக ஈரம் நகரும் வேகம் குறுக்காக நகரும் வேகத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் என்று அளந்து சொல்கிறார்கள்.

அடுத்தது, இந்த நீர் எங்கே தங்கியிருக்கிறது? இரண்டு இடங்களில். குழலின் பொள்ளலுக்குள் நீராகவே தேங்கிக் கிடப்பது ஒன்று. அதைக் கட்டற்ற நீர் என்போம். குழலின் சுவருக்குள், செலுலோசு நார்களோடு மூலக்கூறு மூலக்கூறாகப் பற்றிக்கொண்டிருப்பது மற்றது. அது கட்டுண்ட நீர். வெட்டிய மரத்திலிருந்து முதலில் போவது கட்டற்ற நீர்தான், அது போவதற்கு அதிக சிரமம் இல்லை. அது முழுவதும் போய், சுவர்கள் மட்டும் இன்னும் ஈரத்தால் நிறைந்திருக்கும் கட்டத்துக்கு நார்நிறைவு நிலை என்று பெயர் வைக்கலாம். பெரும்பாலான மரங்களில் அப்போது மிஞ்சியிருக்கும் நீர், உலர்ந்த மரத்தின் எடையில் 28 முதல் 30 வீதம். இதற்குக் கீழே இறங்குவதுதான் கடினம், ஏனென்றால் சுவர் தன் நீரை விட்டுக்கொடுக்க மனமின்றி இழுத்துப் பிடிக்கிறது.

நார்நிறைவு நிலையைத் தாண்டிவிட்டதா என்பதை மரமே காட்டித்தரும். பொள்ளலில் உள்ள நீர் போகும்வரை கட்டை சுருங்காது. சுவர் நீரை இழக்கத் தொடங்கிய பிறகுதான் சுருக்கம். அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. வளையங்களின் ஓட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் வெட்டுமுகம் இழுபட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி நட்சத்திரம் போல வெடிக்கிறது. வெடிப்பைக் கண்டால் நுனியாவது 30 வீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று நம்பலாம். நடுக்கட்டைக்கு அது சாட்சியாகாது.

கோடரி போடுபவர்கள் அந்த வெடிப்பு ஓடும் கோட்டிலேயே அலகை இறக்குவார்கள். நார்கள் நெடுக்காக மிக உறுதியானவை, நாருக்கும் நாருக்கும் இடையே இலிக்னின் என்ற பொருளால் ஆன ஒட்டு அந்த அளவுக்கு உறுதியில்லை. கோடரி நாரை அறுப்பதில்லை, ஆப்பாக இறங்கி ஒட்டைப் பிரிக்கிறது. கிளை புறப்பட்ட கணுவில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் அங்கே அடி திரும்பித் தெறிக்கும். தென்னங்குற்றிக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தா. தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு வளையமும் இல்லை, நட்சத்திர வெடிப்பும் இல்லை. வெளிப்புறம் இரும்பு, உட்புறம் நீரை உறிஞ்சும் சோறு. நம் ஊரில் தென்னையின் சிரட்டை, பொச்சுமட்டை, பாளை, ஓலைமட்டை எல்லாம் அடுப்புக்குப் போக, குற்றி மட்டும் வேலியோரம் கிடந்து உக்குவதற்குக் காரணம் இதுதான்.

இனிப் பிளப்பதன் பலனுக்கு வருவோம். பிளந்தால் காற்றுப் படும் பரப்புக் கூடும், ஆகவே சீக்கிரம் உலரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. பெரிய இலாபம் தூரத்தில் கிடைக்கிறது. கட்டையின் நடுவில் இருக்கும் ஒரு நீர் மூலக்கூறுக்கு வெளியே போகும் வழி தெரியாது. அது வலம், இடம், முன், பின் என்று கண்டபடி அலைந்து, தற்செயலாகத்தான் மேற்பரப்பை அடைகிறது. இந்த அலைச்சலுக்குப் பரவல் என்று பெயர். ஜேர்மனிய உடலியலாளர் அடோல்ஃப் ஃபிக் 1855இல் பரவலின் விதியை வகுத்தார். திசையில்லாத அலைச்சல் ஏன் அந்த விதிக்குக் கட்டுப்படுகிறது என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அதிலிருந்து கிடைக்கும் முடிவு விறகுக்கும் பொருந்தும்: அலைந்து கடக்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும்.

எட்டு அங்குலத் தடிப்புக் கட்டை உலர ஒரு வருடம் எடுக்குமென்றால், நான்கு அங்குலமாகப் பிளந்தது மூன்று மாதத்தில் உலரும். இரண்டு அங்குலக் கொள்ளிக்கு மூன்று வாரம் போதும். மரத்துக்கு மரம் இந்தக் கணக்கு முன்பின்னாக இருக்கும், விகிதம் இதுதான். உழைப்பில் ஒரு மணி நேரத்தைக் கோடரியிடம் கொடுத்தால் மாதக்கணக்கான காலம் திரும்பக் கிடைக்கிறது. இதைவிட நல்ல பேரம் வீட்டு வேலைகளில் வேறு எதிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புதிர் இப்போது தானாக அவிழ்கிறது. காய்ந்த கொள்ளியில் மழை படும்போது அந்த நீரும் இதே மெதுவான வழியில்தான் உள்ளே போக வேண்டும். அரைநாள் மழையில் அது மேற்பரப்பில் ஓரிரு மில்லிமீற்றருக்குள் நின்றுவிடுகிறது. குறுகிய தூரம் என்பதால் திரும்பி வெளியேறவும் அரைநாள் வெயில் போதும். பச்சைக் கட்டையின் நீரோ நடுவரைக்கும் நிறைந்திருக்கிறது. மழையை உள்ளே விடாத அதே சுவர்கள் உள்ளிருப்பதை வெளியேயும் விடுவதில்லை. கூரைக்குள் வைத்ததால் மழை வராது, அவ்வளவுதான். உள்ளே முன்பே குடியிருந்த நீரை எந்தக் கூரையும் வெளியேற்றாது.

சரி, ஈரம் இருந்தால் என்ன? நெருப்பு அந்த நீரை ஆவியாக்கிவிட்டு எரியவேண்டியதுதானே? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஒரு கிலோ பச்சை விறகில் பாதி நீர் என்று வைத்துக்கொள்வோம். மீதி அரைக் கிலோ மரம் முழுமையாக எரிந்தால் சுமார் 9 மெகாஜூல் வெப்பம் தரும். அரைக் கிலோ நீரைக் கொதிக்கவைத்து முற்றாக ஆவியாக்க சுமார் 1.3 மெகாஜூல் போதும். அதாவது நீர் பிடுங்குவது ஏழில் ஒரு பங்கு மட்டுமே. அது உண்மையானால் பச்சை விறகில் சமைப்பது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. ஆனால் அடுப்படியில் நிற்பவரின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மடங்கு விறகு போகிறது, பானை கொதிக்க மாட்டேன் என்கிறது. மீதி வெப்பம் எங்கே போனது?

புகையாகப் போனது.

விறகு திண்மமாக இருக்கும்போது சுவாலை விட்டு எரிவதில்லை. 200 பாகை செல்சியஸ் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்குகிறது. 400 பாகைக்குள் அதன் எடையில் முக்காற்பங்கு அளவு வாயுவாகவும் ஆவியாகவும் எண்ணெய்த் துளிகளாகவும் வெளியேறிவிடும். கரி மட்டும் மிஞ்சும். நாம் காணும் மஞ்சள் சுவாலை இந்த ஆவிகள் எரிவதால் வருவது. மரத்தின் ஆற்றலில் பாதிக்கு மேல் இந்த ஆவிகளிடம்தான் இருக்கிறது. அவை எரிவதற்குக் காற்று வேண்டும், ஏறத்தாழ 600 பாகை வெப்பமும் வேண்டும். வெப்பம் போதாவிட்டால் எரியாமல் மேலே கிளம்பும். அதைத்தான் புகை என்கிறோம்.

சுவாலையில் எரிவது ஆவிதான் என்பதைக் கண்முன் காட்டியவர் மைக்கேல் ஃபரடே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பெரிய விஞ்ஞானியான அவர், 1860ஆம் ஆண்டின் கடைசியில் லண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஒரு மெழுகுதிரியை வைத்தே தொடர் விரிவுரைகள் நிகழ்த்தினார். சுவாலையின் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, உள்ளிருந்த ஆவியைக் குழாய் வழியே வெளியே கொண்டுவந்து, மறுமுனையில் பற்றவைத்தார். அங்கே இன்னொரு சுவாலை எரிந்தது. நம் அடுப்பிலும் இதைப் பார்க்கலாம். நன்றாக எரியும் மெல்லிய கொள்ளி ஒன்றை எடுத்து ஊதி அணைத்து, மேலெழும் தடித்த புகையில் ஒரு சுவாலையைக் காட்டுங்கள். நெருப்புப் புகையில் தாவி, கொள்ளிவரை இறங்கிப் பற்றிக்கொள்ளும்.

நீர் செய்யும் கெடுதல் இப்போது விளங்கும். கடல்மட்டத்தில் இருக்கும் நம் ஊர்களில் நீர் 100 பாகையில் கொதிக்கும். கட்டையின் ஓர் இடத்தில் நீர் இருக்கும்வரை அந்த இடம் 100 பாகையைத் தாண்டிச் சூடாகாது. வெளிப்புறம் சிதைந்து ஆவி விடுகிறது, உட்புறம் நீராவி விடுகிறது. இரண்டும் கலந்து அடுப்பின் உட்புறம் முழுவதையும் குளிர்விக்கின்றன. 600 பாகை எட்டாமல் போகிறது. எரிய வேண்டிய எண்ணெய் புகையாகி, பானையின் அடியில் கறுப்பாகவும், சுவரில் ஒட்டடையாகவும், சமைப்பவரின் மார்புக்குள் நுண்துகளாகவும் படிகிறது. நீர் நேரடியாகக் களவாடுவது ஏழில் ஒரு பங்குதான். நெருப்பை அரைகுறையாக்கி அது வீணடிப்பது அதைவிடப் பெரிது.

மார்பு என்று சொன்னதை மேலோட்டமாக விட்டுவிட முடியாது. 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்கள், தலைமயிர்த் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை, நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை இறங்குகின்றன. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. பிறகு எரிவாயு பரவியது. 2022இல் டொலர் இல்லாமல் எரிவாயுக் கப்பல்கள் நின்றபோது, வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்று அலுத்தவர்கள் மறுபடி விறகுக்குத் திரும்பினார்கள். 1980களில் பரவத் தொடங்கிய களிமண் அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் எந்த அடுப்பும் பச்சை விறகைக் காய்ந்த விறகாக்காது.

காயவைக்கும் விசயத்தில் நம் கரைக்கு இயற்கை ஒரு சலுகை செய்திருக்கிறது. அதற்குப் பெயர் கச்சான். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, தன் நீரில் பெரும்பகுதியை அங்கே கொட்டிவிடுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்தில் 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனால்தான். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் நீர் அதிகம் இல்லை. இறங்க இறங்க அமுக்கம் கூடி, ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் சுமார் 10 பாகை சூடேறுகிறது. சம்மாந்துறை வயல்வெளியைக் கடந்து கல்முனைக்கு வரும்போது அது உதட்டை வெடிக்கவைக்கும் வறண்ட காற்று. நமக்கு வெக்கை, விறகுக்குக் கொண்டாட்டம்.

ஏனென்றால் மரம் எவ்வளவு உலரும் என்பதை முடிவுசெய்வது காற்று. சாரீரப்பதன் 60 வீதமாக இருக்கும் காற்றில் விட்டு வைத்தால் விறகின் ஈரம் சுமார் 11 வீதத்தில் வந்து நிற்கும். 80 வீதக் காற்றில் 16. மாரிகாலத்து 90 வீதக் காற்றில் 20. இதைச் சமநிலை ஈரம் என்பார்கள். அமெரிக்காவின் மடிசன் நகரில் 1910இல் தொடங்கிய வனப்பொருள் ஆய்வுகூடம் இதற்கென்று வெளியிட்ட அட்டவணைகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. அதன்படி, மாரி தொடங்கிய பிறகு விறகைக் காயவைக்க முனைவது வீண்வேலை. கச்சானில் காய்ந்ததை மாரியில் காக்கத்தான் முடியும். 20 வீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் உக்கவைக்கும் பூஞ்சணம் பிடிக்காது என்பதும் நமக்குச் சாதகம்.

அடுக்கும் இடமும் காற்றைப் பொறுத்ததே. மாரியில் மழையை அடித்துக்கொண்டு வருவது வடகீழ்த் திசை வாடை. கச்சான் வருவது தென்மேற்கிலிருந்து. ஆகவே வீட்டின் தென்மேற்குத் தாழ்வாரம்தான் விறகுக்கு உரிய இடம்: கோடையில் உலர்த்தும் காற்று நேரே படும், மாரியில் வீடே மறைப்பாக நிற்கும். சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் வளவு சிறியது, மதிலோரம்தான் கிடைக்கும் என்றால் மதிலில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். அடியில் கல் போட்டு நிலத்திலிருந்து உயர்த்தினால் மண்ணின் ஈரம் ஏறாது, கறையான் ஏறுவதும் குறையும். மேலே மட்டும் தகரம் போடுங்கள். பொலித்தீனால் நாலா பக்கமும் போர்த்தினால் பகலில் வெளியேறும் நீராவி இரவில் உட்புறத்தில் துளியாகப் படிந்து திரும்ப விறகிலேயே சொட்டும்.

நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்கள் இதை இப்போதே கணக்கில் எடுப்பது நல்லது. பிறைக் கணக்கில் றமழான் ஆண்டுக்கு 10 அல்லது 11 நாள் முன்னே நகர்கிறது. 2030ஆம் ஆண்டில் நோன்பு இரண்டு முறை தொடங்கும், ஜனவரி முற்பகுதியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் மற்றது. அதன்பின் சில வருடங்களுக்கு அது டிசம்பர், நவம்பர் என்று மாரிக்குள்ளேயே இருக்கும். அந்த அடைமழை நாட்களில் பெரிய சட்டியின் கீழே எரியும் விறகு ஜூன், ஜூலையிலேயே பிளந்து அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

விறகு காய்ந்துவிட்டதா என்று உறுதியாக அறிய ஒரு வழி உண்டு. ஆய்வுகூடத்தில் மரத்துண்டை 103 பாகைச் சூட்டில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலைவரை திரும்பத் திரும்ப நிறுப்பார்கள். வீட்டில் சூளை வேண்டாம், தராசு போதும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கொள்ளியைத் தெரிந்தெடுத்து, சோக்கட்டியால் அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை நிறுத்து எடையை அதன்மேலேயே எழுதுங்கள். முதல் வாரங்களில் எடை வேகமாக விழும், பிறகு மெதுவாகும், கடைசியில் இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டும். அந்தப் பருவக் காற்று அதற்குமேல் உலர்த்தாது. நவம்பரில் அதே கொள்ளி கொஞ்சம் எடை கூடியிருப்பதைக் கண்டு கூரை ஒழுகுகிறதோ என்று தேடவேண்டாம். மாரிக் காற்றிலிருந்து அதன் சுவர்கள் எடுத்துக்கொண்ட நீர்தான் அது.